மரத்துப்போன முன்னங்கால்

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த டாக்டரம்மாவிடம் "லேசா நொண்டுது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். மருந்துக்கு முன்னால் வசவு விழும்.

"நொண்டுதுன்னு சொல்லாதீங்க. வலிக்குன்னு சொல்லுங்க. நொண்டுதது உங்க கண்ணுக்குத் தெரியுதது. வலிக்கது அதோட பாடு."

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் ஒரு கிடாயைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "சும்மா பிகு பண்ணுதும்மா, மந்தையோட நடக்க மாட்டேங்கு" என்றார். டாக்டரம்மா அவருடைய செருப்பைக் கழற்றச் சொன்னார். சித்திரை மாத வெயில். ஆஸ்பத்திரி வாசலில் தார் ரோடு பளபளத்துக் கிடந்தது.

"அந்தா தெரியுத அடிபம்பு வரைக்கும் பிகு பண்ணாம போயிட்டு வாங்க பாப்போம்."

பெரியவர் கொஞ்ச தூரம் போவதற்குள் ஓடிவந்து நிழலில் ஏறிக்கொண்டார்.

"என்ன செய்யுது?"

"சுடுதும்மா."

"சுட்டா?"

"வலிக்கு."

"அம்புட்டுதான். அந்த ஒரு சொல்ல எடுக்க இம்புட்டு நேரமா?" என்று சொல்லிவிட்டு, கிடாயின் குளம்பு இடுக்கிலிருந்து வேலிக்கருவ முள் ஒன்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

இப்படிப் பேசுகிறவருக்கு ஊரில் என்ன பேர் கிடைக்கும்? வாய் ஜாஸ்தி, கோபக்காரி, புருஷன் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ. எல்லாம் சொன்னார்கள். ஆனால் மாடு கன்று போட முடியாமல் கிடந்தால் அந்த வாயைத்தான் போன் போட்டுக் கூப்பிட்டார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டி வயது இருக்கும். கனத்த உடம்பு. சேலையைத் தூக்கிச் செருகி, ஆம்பிளை வாட்சு கட்டியிருப்பார். மழைக்காலத்தில் கரிசல் மண் அப்பி, செருப்பு இரண்டும் இரண்டு மடங்கு கனமாகிவிடும். அதோடேயே நடந்து வருவார். குத்துக்காலிட்டு உட்கார மாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில், "எனக்கு முட்டு வலிக்கு, ஒரு வாளியக் கவுத்துப் போடுங்க" என்பார். ஆம்பிளைகள் கூட்டமாக நிற்கிற இடத்தில் ஒரு பொம்பளை இப்படி வலியைச் சொல்லிக்கொண்டு உட்காருவது சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் கண்டுகொள்ள மாட்டார். "எனக்கு வலிச்சா நான் வாயெடுத்துச் சொல்லிக்கிடுவேன். இதுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டுக்கொண்டே மாட்டின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவள். கூட்டுக் குடும்பம். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். உரக்கடை வைத்திருந்தார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கோவில் கொடைத் திருவிழாவுக்கு நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு அவர்தான் கமிட்டியில் முன்னால் நிற்பார். பந்தயத்துக்கென்றே வீட்டில் ஒரு செவலைக் குதிரை நின்றது. குதிரை அவருடையது. அதற்குக் காணப்பயறு அவித்துப் போடுவதும், தண்ணீர் காட்டுவதும், லத்தி அள்ளுவதும் என்னுடையது.

டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது குதிரைக்காக அல்ல, பசுவுக்கு மடிவீக்கம் என்று. நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அவர் பசுவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் இடது கையில தூக்குத?"

"சும்மாதான் டாக்டரம்மா."

"வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

என் மாமியார் குறுக்கே வந்து, "பிள்ள பெத்த உடம்புக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்றார்.

"எது உள்ளது? நீங்க செத்த இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு, டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "வலிக்கா, இல்லியா?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை. "வலிக்கு" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அவர் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டினார். தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. "மாட்டு டாக்டர் மருமகளுக்கும் வைத்தியம் பாக்கா" என்று அப்புறம் ரொம்ப நாள் வீட்டில் பேசிச் சிரித்தார்கள்.

கொடைக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போது செவலை இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்க ஆரம்பித்தது. எண்ணெய் தேய்த்தார்கள். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். சரியாகவில்லை என்றதும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள்.

முழங்காலிலிருந்து குளம்பு வரை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். வெளியே வீக்கம் இல்லை, சூடும் இல்லை. பிறகு சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எங்க வலிக்குன்னு இதுக்குச் சொல்லத் தெரியாது. நாமதான் தேடணும். கீழ இருந்து ஒவ்வொரு இடமா மரக்க வச்சுப் பாப்பேன். எந்த இடத்த மரக்க வச்சா நொண்டல் நிக்கோ, அதுக்குக் கீழதான் கோளாறு."

குதிங்காலுக்கு மேலே இரண்டு பக்கமும் முடியை மழித்து, துடைத்து, மெல்லிய ஊசியில் கொஞ்சம் மருந்து ஏற்றினார். பொறுத்திருந்து ஓடவிட்டுப் பார்த்தார். நொண்டல் நிற்கவில்லை. அடுத்து கணுவுக்கு மேலே இரண்டு பக்கமும் போட்டார். மறுபடி பொறுத்திருந்தார். பேனா முனையால் குளம்புக்கு மேல் குத்திப் பார்த்தார். செவலை அசையவில்லை. "இப்ப ஓடவிடுங்க" என்றார்.

அது முற்றத்தில் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. கூடி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். யாரோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அத்தானைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் அந்த ஊசி மருந்துக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொண்டல் போயிட்டே" என்றார்.

"போகல அண்ணாச்சி, மறைஞ்சிருக்கு. மருந்து எறங்கினா திரும்பி வந்துரும். கணுவுக்குக் கீழ எலும்புல கீறல் இருக்கும்னு நெனக்கேன். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்கணும். அதுவரைக்கும் தொழுவ விட்டு வெளிய எடுக்கக் கூடாது."

பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டார். வலி குறையத் தீவனத்தில் கலந்து கொடுக்க மருந்து கொடுத்தார். ஈரச்சாக்கை எப்படிச் சுற்ற வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மருந்து அது நிம்மதியா நிக்கதுக்கு. ஓடுததுக்கு இல்ல. பாத்துக்கோ" என்றார்.

திருநெல்வேலிக்கு யாரும் கொண்டுபோகவில்லை. நான் கேட்டதற்கு, "கொடை முடியட்டும்" என்று பதில் வந்தது. மருந்து தீர்ந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அத்தானும் அங்கே வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம்.

"அந்த ஊசிய பந்தயத்தன்னைக்குக் காலைல ஒண்ணு போட்டுருங்க டாக்டரம்மா."

"அது வலியப் போக்குத ஊசி இல்ல அண்ணாச்சி. வலி எங்க இருக்குன்னு தேடுத ஊசி."

"தேடுததோ போக்குததோ, வலி இல்லாமப் போவுதுல்லா. நீங்கதான எந்நேரமும் வலி வலின்னு சொல்லுதீங்க. வலி இல்லாம ஓடட்டும்னுதான் நானும் சொல்லுதேன்."

டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் குரல் எழும்பவே இல்லை.

"அந்த வலிதான் அத முழு எடையும் வச்சு ஊன விடாம காப்பாத்திக்கிட்டு இருக்கு. அதயும் நீங்க எடுத்துட்டீங்கன்னா, எலும்பு ஒடையுததுகூட தெரியாம ஓடும். பழத்த எடுத்துட்டுப் போங்க."

அத்தான் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பந்தயத்தன்று விடிந்ததும் தண்ணீர் காட்டத் தொழுவுக்குப் போனேன். முன்பின் பார்த்திராத ஒரு ஆள் செவலையின் முன்னங்காலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு தோல்பை. அத்தான் குதிரையின் காதை முறுக்கிப் பிடித்திருந்தார். "உள்ள போ" என்றார். நான் உள்ளே போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

பந்தயம் நாகலாபுரம் போகிற ரோட்டில். நான் போய்ச் சேரும்போது அவருடைய ஸ்கூட்டர் ரோட்டின் நடுவே நின்றது. செவலையை வண்டியில் பூட்டியிருந்தார்கள். டாக்டரம்மா அதன் காலடியில் குனிந்து, பேனா முனையால் குளம்புக்கு மேல் குத்திக் காட்டினார். வலது காலில் குத்தினால் வெடுக்கென்று தூக்கியது. இடது கால் கட்டை மாதிரி நின்றது.

"பாருங்க. எல்லாரும் நல்லாப் பாருங்க. இது இந்தக் கால் இருக்குன்னே தெரியாம நிக்கு. இதப் பூட்டி ஓட்டப் போறீங்களா?"

கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்தார். "வலி இல்லேன்னா நல்லதுதானம்மா."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்களில் ஒருவருக்குக்கூடவா புரியவில்லை? புரிந்திருக்கும். வெயிலில் செருப்பில்லாமல் நிற்கத் தெரிந்தவர்கள்தானே எல்லாரும். புரிந்துகொண்டுதான் சிரித்தார்கள்.

பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர், "கமிட்டிகிட்டப் பேசிக்கோங்கம்மா, நான் இதுல ஒண்ணும் செய்யதுக்கு இல்ல" என்று ஒதுங்கிக்கொண்டார். டாக்டரம்மா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு பையன்கள் அவர் கையைப் பிடித்து ரோட்டோரமாகக் கொண்டுவந்து விட்டார்கள். மரியாதையாகத்தான் கூட்டிவந்தோம் என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். ஒரு பொம்பளையின் கையைப் பிடித்து இழுப்பதில் மரியாதைக்கு எங்கே இடம் இருக்கிறது என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கொடி அசைந்தது. வண்டிகள் போய்விட்டன.

நாங்கள் இரண்டு பேரும் மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் நின்றோம். வண்டிகள் திரும்பி வரும்போது செவலை முன்னால் வந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் விசில். எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வரும்போது காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அது நிற்கவில்லை. ஒடிந்த காலை ஊன்றி ஓடியது. மறுபடி ஊன்றியது. குளம்பு ஒரு பக்கம் மடங்கிக் கிடக்க, கணுவால் தார் ரோட்டை மிதித்துக்கொண்டு ஓடியது. வலித்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருக்கும். வலிக்கவில்லை. அதனால் ஜனங்களும் நிறுத்தாமல் கைதட்டினார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அது விழுந்த பிறகுதான் கைதட்டல் நின்றது.

டாக்டரம்மா அந்த முட்டு வலியோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வண்டி ஓட்டி வந்த பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். செவலை எழுந்திருக்கப் பார்த்தது. அதன் கண்ணில் பயம் இல்லை. ஏன் எழ முடியவில்லை என்று அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

"வலிக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல. அவன் போட்ட ஊசி எறங்கினா வலிக்கும். அதுக்கு முன்ன போயிரட்டும்."

கழுத்தில் மருந்தை ஏற்றினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அது அடங்கும் வரை அவர் அந்த உடைந்த காலின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. மைக்கில் பரிசு வாங்குகிறவர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. எங்கள் முற்றத்தில் அன்றைக்கு எடுத்தது. டாக்டரம்மா ஊசி போடுகிறார், குதிரை நொண்டாமல் ஓடுகிறது. முன்னாலும் பின்னாலும் அவர் சொன்னது எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. "டாக்டரம்மா போட்ட ஊசியாலதான் எங்க குதிர போச்சு" என்று அத்தான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கண்கலங்கச் சொன்னார். தோல்பைக்காரனைப் பார்த்ததாக ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் விசாரணை வைத்தார்கள். நான் போனேன். என் வீட்டுக்காரர்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். "பாத்ததச் சொல்லு" என்றார். அவர் உள்ளே வரவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். "குதிரைக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரருக்கு அண்ணன்."

"குடும்பத்துக்குள்ள மனஸ்தாபம் வேண்டாம்மா. கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. டாக்டரம்மா உங்க வீட்டுக்கு வந்து குதிரைக்கு மரக்கிற ஊசி போட்டாங்களா?"

"அது கொடைக்கு முன்ன சார். எங்க வலிக்குன்னு பாக்கதுக்கு..."

"போட்டாங்களா, இல்லியா?"

"போட்டாவ. ஆனா பந்தயத்தன்னைக்குப் போட்டது வேற ஆளு. நான் பாத்தேன். அவன்..."

"அவன் பேரு தெரியுமா?"

"தெரியாது."

"சரிம்மா, நீங்க போகலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. காலையில் தொழுவில் பார்த்தது, ஆஸ்பத்திரியில் பழப்பையோடு நின்று கேட்டது, ரோட்டில் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டார் என்று எப்படிச் சொல்வது? நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார்.

டாக்டரம்மாவை மாற்றிவிட்டார்கள். எங்களாலும் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கோவில்பட்டியில் தனிக்குடித்தனம் வந்தோம். அத்தான் அடுத்த கொடைக்குள் வேறு குதிரை வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருமுறைதான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது, பக்கத்து ஊரில்தான் அவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரியைத் தேடிப் போனேன்.

முடி நன்றாக நரைத்திருந்தது. வேப்பமரத்து நிழலில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது; கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற குதிரை. அதன் கணுவுக்கு மேலே இரண்டு பக்கமும் முடி மழித்திருந்தது.

"இன்னுமா இந்த ஊசியப் போடுதீங்க?" என்று கேட்டுவிட்டேன். சுகமா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்டேன்.

"போடாம, எங்க வலிக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார். "அவனுக பண்ணுன வேலைக்கு இது ஏன் வலியோட அலையணும்?"

குதிரைக்காரப் பையன் பொறுமை இல்லாமல் நின்றான். "அதான் பாத்து முடிச்சிட்டீங்களே டாக்டரம்மா. நல்லா நடக்கே. சாயங்காலம் மாப்பிள அழைப்பு இருக்கு. கயித்தக் குடுங்க, போறேன்."

"இரு."

"இன்னும் எதுக்கும்மா?"

"இருன்னு சொல்லுதேன்லா."

கயிற்றைத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே இருந்து கம்பவுண்டர் சாப்பிடக் கூப்பிட்டார். "நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எதைப் பேசினாலும் அவர் கண் குதிரையின் காலிலேயே இருந்தது. நிழல் நகர்ந்து வெயில் எங்கள் மேல் விழுந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கயிற்றை விடவில்லை. பையன் போனை எடுத்துப் பேசினான், வைத்தான், முனகினான், போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

குதிரை காலை மாற்றி நின்றது. இடது முன்னங்காலை மெல்ல எடுத்து, நுனி மட்டும் தரையில் படும்படி வைத்தது. டாக்டரம்மா எழுந்தார். கொஞ்ச தூரம் நடத்திப் பார்த்தார். பிறகு பையனிடம் வந்து கயிற்றை நீட்டினார்.

"இந்தா. இப்பக் கூட்டிட்டுப் போ. வலி வந்துட்டு."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றை வாங்கினான். அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை வெடுக்கென்று மேலே தூக்கிக்கொண்டு, எவனும் ஏறி உட்கார முடியாதபடி, அந்தக் குதிரை ரோட்டோடு நடந்து போயிற்று.